ஒரு வேளச்சேரி வீடு, நான்கு அன்றாடப் பயணங்கள்: ஸ்கூட்டரிலிருந்து நடைக்கும் சைக்கிளுக்கும் மாறுவது பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி வீடு. வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்தை ஒட்டிய உள்தெரு ஒன்றில் நான்கு பேர். அப்பாவுக்கு 45 வயது, 70 கிலோ எடை, கிண்டி ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் அலுவலகம். அம்மாவுக்கு மயிலாப்பூரில் வேலை. மகள் அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு. பாட்டிக்கு 68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, இரண்டாவதை வாங்கலாமா என்ற பேச்சும் ஓடுகிறது. சென்னையில் இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்குப் பத்து இருக்கும். கீழே வரும் நேரக் கணக்கு, பெட்ரோல் கணக்கு எல்லாம் இந்த மாதிரி வீட்டுக்குப் போட்டவை. உங்கள் தூரத்தை வைத்து நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

நடைக்கும் சைக்கிளுக்கும் மாற நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது அலுவலகப் பயணத்தில். அதுதான் இருப்பதிலேயே கடினமானது. வெயில், வியர்வை, சட்டை, நேரம் தவறுதல் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்து நிற்கும். பத்து நாளில் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். இந்த வீட்டுக்கு நாங்கள் சொல்லும் வரிசை தலைகீழானது. வண்டி எடுத்தாலும் நேரம் மிஞ்சாத பயணங்களை முதலில் பிரித்தெடுங்கள், அலுவலகம் கடைசியில் வரட்டும்.

கடைக்குப் போகும் 700 மீட்டர்

காய்கறி, மளிகை, மருந்துக்கடை எல்லாம் 700 மீட்டருக்குள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் எட்டரை நிமிடம். ஸ்கூட்டரில் போனால் ஓட்டம் மூன்று நிமிடம்தான். ஆனால் கேட்டைத் திறந்து வண்டியை வெளியே தள்ளி, ஹெல்மெட் மாட்டி, கடை வாசலில் இடம் தேடி நிறுத்துவதற்குள் நடையின் நேரம் வந்துவிடும். எஞ்சின் சூடேறும் முன்பே அணைந்துவிடுகிற இந்தக் குட்டி ஓட்டங்களில்தான் லிட்டருக்குக் கிடைக்கும் மைலேஜும் மிகக் குறைவு.

நடந்து போவது நின்றுபோவதற்கு முதல் காரணம் சுமை. ஒரு கையில் ஐந்து கிலோ பையோடு 700 மீட்டர் வந்தால் விரல் மரத்துவிடும், தோள் ஒரு பக்கம் இழுக்கும். அரிசி, எண்ணெய் போன்ற கனமான சாமான்களை மாதம் ஒருமுறை ஸ்கூட்டரிலோ வீட்டுக்கே அனுப்பச் சொல்லியோ வாங்கிவிட வேண்டும். நடந்து போகும்போது கைக்கு இரண்டு கிலோ வீதம் இரண்டு பை போதும். வாரம் ஒருமுறை எட்டு கிலோ காய் வாங்கும் பழக்கத்தை வாரம் மூன்று முறை மூன்று கிலோவாக மாற்றினால் கீரையும் வாடாது.

இந்தப் பயணம் பாட்டிக்கு உரியது. சாப்பிட்டு முடித்த பிறகு நடந்தால், வேலை செய்யும் கால் தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் பூங்காவைச் சுற்றுவதைவிட, காலை உணவு முடித்து அரைமணி கழித்துக் கடைக்கு நடந்து போய் வருவது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நேரடியாகக் குறைக்கும். ஒரு எச்சரிக்கை: இன்சுலின் போடுபவர்களும், சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் நடையைத் திடீரென்று கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்ப்பது, கண் இருட்டுவது இவை அடையாளம். இடுப்புப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும். மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

பாட்டிக்கு நிஜமான தடை இதிலெல்லாம் இல்லை, நூறடி சாலையைக் கடப்பதில் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். மீடியன் வரை ஒரு பக்கச் சாலை 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பார். கடக்கப் பன்னிரண்டரை நொடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் ஏறக்குறைய 175 மீட்டர் வந்துவிடும். அதாவது 175 மீட்டருக்கு வண்டியே இல்லாத இடைவெளி கிடைத்தால்தான் அவரால் பதறாமல் கடக்க முடியும். பேத்தி நொடிக்கு 1.25 மீட்டர் நடந்தால் அவளுக்கு 110 மீட்டர் இடைவெளி போதும். "எல்லாரும் கடக்கிறாங்களே, நீங்க மட்டும் ஏன் பயப்படுறீங்க" என்று வீட்டில் கேட்கும்போது இந்த 65 மீட்டர் வித்தியாசத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பாட்டியின் பயம் சரியான பயம்.

அதனால் அவருக்கான வழி 700 மீட்டராக இல்லாமல் 950 மீட்டராக இருந்தாலும் சிக்னல் வழியாகவே போக வேண்டும். மீடியனில் ஒருமுறை நின்று இரண்டு கட்டமாகக் கடக்க வேண்டும். நடைபாதை இல்லாத உள்தெருவில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பு ஒரு கிலோமீட்டருக்கு ஆகாது. செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் இறுகப் பிடிப்பதில் பாதமும் கெண்டைக்காலும் வலிக்கும், தடுக்கினால் விழவும் செய்யும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் புண் ஆபத்தும் இருப்பதால் குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் செருப்போ ஷூவோ கட்டாயம்.

ரயிலுக்கு நடப்பது

அம்மாவின் பயணம் எளிது, ஆகவே சுருக்கமாக. வீட்டிலிருந்து வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையம் 1.2 கிலோமீட்டர், திருமயிலை நிலையத்தில் இறங்கி அலுவலகம் 600 மீட்டர். இதுவரை நிலையம் வரை ஷேர் ஆட்டோ அல்லது கணவரின் ஸ்கூட்டர். இரண்டு முனையிலும் நடந்தால் ஒரு வழிக்கு 21 அல்லது 22 நிமிடம், நாளைக்கு 43, வாரம் ஐந்து நாளில் 215 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. அந்த 600 மீட்டர் நடையும் முழுசாகக் கணக்கில் சேரும். தனியாக வாக்கிங் போக நேரம் ஒதுக்க முடியாத பெண்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

மிதமான உழைப்பா என்று அறிய ஒரு சோதனை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சேலை கட்டி நடப்பவர்களுக்கு வேகம் தானாகக் குறையும். அப்போது நிலையத்தில் எஸ்கலேட்டரை விட்டுப் படியேறுவது அந்தக் குறையை நிரப்பும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ரயில் தவறும் நாளில் பேருந்துக்கு மாறினாலும் கையைக் கடிக்காது.

மகளின் இலவச சைக்கிள்

11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறது. பள்ளி இரண்டு கிலோமீட்டர். எட்டு நிமிட ஓட்டம். இருந்தும் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறார், காரணம் கேட்டால் "வண்டி சரியில்ல" என்று பதில் வரும். வண்டியில் பெரும்பாலும் பெரிய குறை இருக்காது. மொத்தமாக மாட்டி அனுப்பப்படும் சைக்கிளின் நட்டுகள் முதல் நூறு கிலோமீட்டரில் இளகுவது இயல்பு. முதல் மாதத்துக்குள் கடையில் கொடுத்து முன், பின் அச்சு நட்டு, ஹேண்டில் பார், சீட் நட்டு, மட்கார்டு கம்பி எல்லாவற்றையும் இறுக்கி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று தட்டினால், பெடல் தண்டை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் இளகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் சுத்தியலால் தட்டி, நட்டை இறுக்கினால் சரியாகிவிடும். பின் தேய்ந்திருந்தாலும் மாற்றச் செலவு சொற்பம். அப்படியே ஓட்டினால் தண்டின் துளை கோணலாகத் தேய்ந்துவிடும், பிறகு எந்தப் பின் போட்டாலும் நிற்காது, தண்டையே மாற்ற வேண்டும். இரண்டு வாரம் அலட்சியப்படுத்துவதற்கும் உடனே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அடுத்தது 'பஞ்சர்'. காலையில் காற்று இறங்கிக் கிடக்கும் டயர் எல்லாம் பஞ்சர் அல்ல. பழைய வகை வால்வு உள்ள வண்டியில், உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் குழாயான வால் டியூப் சென்னை வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். காற்றை அடித்துவிட்டு வால்வின் வாயில் எச்சிலோ ஒரு சொட்டுத் தண்ணீரோ வையுங்கள். குமிழ் வந்தால் வால் டியூப்தான். சில ரூபாய்ச் சாமான், வீட்டில் இரண்டு துண்டு வாங்கி வைத்தால் மகளே மாற்றிவிடலாம். குமிழ் வராமல், சில மணி நேரத்தில் காற்று இறங்கினால் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட்ட பிறகு டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காத கடையில் வண்டியை விடாதீர்கள். முள்ளோ கண்ணாடிச் சில்லோ உள்ளேயே இருந்தால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி குத்தும்.

இப்போது சீட்டின் உயரம். கால் இரண்டும் தரையில் முழுசாகப் பதியும்படி சீட்டை இறக்கி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். முட்டி மடங்கியபடியே மிதிப்பதால் ஒரு மாதத்தில் முட்டிச் சில்லின் முன்பக்கம் வலி வரும். பழி சைக்கிள் மேல் விழும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடல் மேல் வைத்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் நேராக நீளும் அளவுக்குச் சீட்டை ஏற்ற வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு இருக்கும், அதுவே சரி. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

கிண்டி வரை ஐந்து கிலோமீட்டர்

இப்போது அப்பா. வேளச்சேரி மெயின் ரோட்டில் வடக்கே போய், ஐந்து பர்லாங் சாலையில் இடதுபக்கம் திரும்பி, ரேஸ் கோர்ஸ் ரோட்டை அடையும் வழி. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நெரிசலில் ஸ்கூட்டர் சராசரியாக 18 கிலோமீட்டர் வேகம் போனால் 17 நிமிடம், சைக்கிள் 14 போனால் 21 நிமிடம். நான்கைந்து நிமிடம்தான் வித்தியாசம், சிக்னலில் எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள்.

வண்டி எது? சென்னை தட்டையான ஊர், ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்கள்தான். அதனால் 21 கியரும் தேவையில்லை, முன்சக்கர ஷாக் அப்சார்பரும் தேவையில்லை. அந்த ஷாக் வண்டியின் எடையைக் கூட்டி, மிதிக்கும் விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வேண்டியது மட்கார்டு, கேரியர், செயின் கார்டு, ஸ்டாண்டு. கடையில் பளபளக்கும் விளையாட்டு மாடல்களில் இந்த நான்கும் இருக்காது. தாத்தா காலத்து ஹெர்குலிஸ் சைக்கிள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தால் அதை ஓவராயில் செய்வதே புதிது வாங்குவதைவிட நல்ல யோசனை. பால்ரஸ், செயின், பிரேக் கட்டை, டயர், டியூப் மாற்றினால் இன்னும் பல ஆண்டு ஓடும். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நம் அம்பத்தூரில் செய்து அனுப்பிய வண்டிகள் அவை, உதிரிபாகம் எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

வியர்வையை வெல்வது வேகத்தில்தான் இருக்கிறது. 18இல் மிதிப்பவர் நனைந்து போவார், 13இல் மிதிப்பவர் ஈரமாகப் போவார். ஐந்து கிலோமீட்டரில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஆறு நிமிடம். முதுகில் பை மாட்டக் கூடாது, கேரியரில் கட்ட வேண்டும். பை ஒட்டிய இடத்தில் காற்றுப் படாததால் சட்டை அங்கேதான் முதலில் நனையும். அலுவலகம் போனதும் உடனே சட்டை மாற்றுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. மிதிப்பதை நிறுத்திய பிறகும் உடம்பு சில நிமிடம் வியர்த்துக்கொண்டே இருக்கும், புதுச் சட்டையும் நனைந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஈரத் துண்டால் கழுத்து, அக்குள், முதுகு துடைத்து, அப்புறம் மாற்ற வேண்டும். சட்டைகளைத் திங்கட்கிழமை ஸ்கூட்டரில் போகும்போது மொத்தமாகக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடலாம்.

கத்திரி வெயில் நாட்களில் எட்டு மணிக்குள் அலுவலகம் சேரும்படி கிளம்ப வேண்டும், முடியாவிட்டால் அந்த மாதம் பேருந்தும் நடையும். மாலையில் இன்னொன்று. கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும்; வேளச்சேரிக்குத் திரும்பும் வழி அதற்கு எதிர்முகம். காலையில் 21 நிமிடம் எடுத்த வழி மாலையில் 25 எடுத்தால் உடம்பு சோர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வியர்வையை ஆற்றுவதும் அதே காற்றுதான்.

ஆபத்தான இடம் ஒன்றே ஒன்று. காலையில் இடப்புறத் திருப்பம், தொந்தரவில்லை. மாலையில் ஐந்து பர்லாங் சாலையிலிருந்து மெயின் ரோட்டில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். சாலையின் நடுவுக்கு ஏறி, பின்னால் பேருந்து உறும, ஒரு கையைக் காட்டிக்கொண்டு காத்திருப்பது வேண்டாம். இடது ஓரமாகவே வந்து இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவரைப் போலக் கடந்து, மறுபக்கத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் கூடுதல். நிறுத்தியிருக்கும் கார்களைத் தாண்டும்போது ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. சிக்னலில் பேருந்து, லாரியின் இடப்பக்கச் சந்தில் நுழைந்து நிற்கவே கூடாது. ஓட்டுநருக்கு அந்த இடம் கண்ணில் படாது. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, ஹெல்மெட், இதில் சமரசம் இல்லை.

புகை? மெயின் ரோட்டில் நியாயமான கேள்வி. 2016இல் வெளியான ஒரு சர்வதேசக் கணக்கீட்டின்படி, காற்றில் நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் மோசமான நகரத்தில்கூட நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வரை சைக்கிள் மிதிப்பதன் நன்மை, புகையின் தீமையைவிட அதிகம். அப்பா மிதிப்பது 45 நிமிடம். இணையாக உள்தெரு இருக்கும் இடத்தில் அதில் போனால் மூச்சில் ஏறும் புகை இன்னும் குறையும்.

கிடைப்பது என்ன

பணக் கணக்கை மிகைப்படுத்தக் கூடாது. நாளைக்கு 10 கிலோமீட்டர், மாதம் 24 நாள், 240 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஆறு லிட்டர், சுமார் 600 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக மாதம் 14 கிலோ குறையும். 600 ரூபாய்க்காக யாரும் வாழ்க்கையை மாற்றமாட்டார்கள். இந்த வீட்டுக்குப் பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது: மகளும் அம்மாவும் ஸ்கூட்டரை எதிர்பார்க்காமல் போய்வந்தால் இரண்டாவது வண்டியை வாங்கவே வேண்டாம். அதன் விலை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் மிச்சம்.

எடை குறையும் என்றும் ஆசை காட்டமாட்டோம். 70 கிலோ மனிதர் 15 கிலோமீட்டர் வேகத்தில் 40 நிமிடம் மிதித்தால், சும்மா இருந்தாலும் செலவாவது போக, கூடுதலாக எரிவது 220 கலோரி. இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் அதை ஈடுகட்டிவிடும். நன்மை இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் சர்க்கரைக்கும்தான். 1953இல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பஸ் டிரைவர்களைவிட மாடிப்பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். 2017இல் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்கள் எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்களாக இருந்ததும் ஒரு பங்கு காரணமாக இருக்கலாம், அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் எல்லா ஆய்விலும் ஒன்றுதான். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023இல் வந்த கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த நிலையில், சம்பளம் வாங்கப் போகும் வழியிலேயே கிடைக்கும் மருந்தை விட்டுவிடுவது நமக்கு வருத்தமாக இருக்கிறது.

மழையும் தெருவும்

வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரியில் தண்ணீர் நின்றால் சைக்கிளும் வேண்டாம், நடையும் வேண்டாம். தண்ணீருக்குக் கீழே திறந்த மழைநீர் வடிகால் இருக்கலாம், அறுந்த மின்கம்பி இருக்கலாம். சாதாரணத் தூறலில் ஓட்டலாம், ஆனால் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும். நனைந்த செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். வழிய விட்டால் மண் ஒட்டிச் செயினை அரைக்கும். சக்கர அச்சு வரை தண்ணீரில் முங்கிய வண்டிக்குத் துடைப்பது போதாது, பிரித்துப் பழைய கிரீஸைக் கழுவிப் புதுசு வைக்க வேண்டும்.

தெருவைப் பற்றிச் சொல்லாமல் குடும்பத்தை மட்டும் மாறச் சொல்வது நியாயமில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது அதற்கு என்றது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைவளாகம், அகல நடைபாதை கிடைத்தால் ஜனம் நடக்கும் என்பதைக் கண்முன் காட்டுகிறது. ஆனால் உள்தெருவில் டிரான்ஸ்பார்மரும் மின்பெட்டியும் நிறுத்திய பைக்கும் நடைபாதையை அடைத்துக்கொண்டால் அதில் ஏறி என்ன பயன்? சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 விதிமுறைப்படி தடையில்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பாட்டி ஏற முடியாமல் சாலையில் நடப்பதற்குப் பெரும்பாலும் அந்த உயரம்தான் காரணம்.

மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லும்போது "பிளாட்பாரம் சரியில்லை" என்று சொன்னால் வேலை நடக்காது. தெருப் பெயர், பக்கத்துக் கதவிலக்கம் அல்லது மின்கம்ப எண், ஸ்கேல் வைத்து அளந்த விளிம்பு உயரம், டேப்பால் அளந்த அகலம், அளவுகோல் தெரியும்படி எடுத்த படம் இவற்றோடு கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் உள்ள நான்கு வீடுகள் தனித்தனியாக அதே இடத்தைப் பதிவு செய்து, அந்த எண்களோடு வார்டு கவுன்சிலரைப் பார்ப்பது இன்னும் பலன் தரும். நூறடி சாலையில் கேட்க வேண்டியது வேறு: மீடியனில் முதியவர் நின்று இளைப்பாறும் அளவுக்கு ஓர் இடைவெளி, அதற்கு நேராக உயர்த்திய ஜீப்ரா கிராசிங், பத்து மீட்டரை நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் கடக்கப் போதுமான சிக்னல் நேரம்.